எல்லோருக்கும் ஒரே மாத்திரை

மாமாவுக்கு முதலில் கொட்டியது தலைமுடிதான்.

2012 கடைசி. பெருங்குடலில் தீராத அழற்சி என்று ஆறேழு வருடமாக அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். ஸ்டீராய்டைக் குறைக்க வேண்டும் என்பதற்காக அசதியோபிரின் என்ற மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஆரம்பிக்கும் முன்பே டி.பி.எம்.டி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை. மாதிரி வெளியூர் ஆய்வகத்துக்குப் போய், பத்து நாள் கழித்து "நார்மல்" என்று திரும்பி வந்தது. எங்களுக்கெல்லாம் ஒரே நிம்மதி.

மூன்றாவது வாரம் மாமா போன் செய்தார். "மாப்ளே, சீப்பைப் பாத்தா பயமா இருக்குடா. ஒரு இழுப்புக்கு ஒரு கத்தை வருது." புது வீட்டு போர் தண்ணிதான் காரணம் என்று அத்தை சொன்னார். நாங்களும் நம்பினோம். நான்காவது வாரம் குளிர் காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்தால், குறைந்தது நாலாயிரம் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் ஆயிரத்துக்கும் கீழே. மாத்திரையை நிறுத்தி, மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து காப்பாற்றினார்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மாதம் வாராவாரம் ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். "டெஸ்ட்தான் நார்மல்னு வந்துடுச்சே, எதுக்கு வாராவாரம் ஊசி குத்திக்கணும்" என்று மூன்றாவது வாரப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டது நாங்கள்தான். தள்ளிப் போடலாம் என்று சொன்னவன் நான்.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அது என்ன டி.பி.எம்.டி.? நார்மல் என்று வந்த பிறகும் ஏன் இப்படி ஆனது? முதல் கேள்விக்குப் பதில் உடனே கிடைத்தது. இரண்டாவது கேள்விக்கு அப்போது உலகத்தில் யாரிடமும் சரியான பதில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கதையை ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

*

1944ல் நியூயார்க் பக்கத்தில் டக்காஹோ என்ற சிற்றூரில் இருந்த பர்ரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் 26 வயதுப் பெண் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் கெர்ட்ரூட் எலியன். 15 வயதில், தாத்தா வயிற்றுப் புற்றுநோயில் செத்துப்போனதைப் பார்த்தவர். 1937ல் வேதியியலில் பட்டம் வாங்கியும் மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. ஆய்வகங்களில் பெண்களுக்கு இடமில்லை. பள்ளியில் பாடம் எடுத்தார். உணவுக் கம்பெனி ஒன்றில் ஊறுகாயின் புளிப்பை அளந்துகொண்டிருந்தார். போருக்கு ஆண்கள் போய்விட்டதால் ஆய்வகங்களின் கதவு கொஞ்சம் திறந்தது. அந்த இடைவெளியில் உள்ளே போனவர் அவர்.

அங்கே அவருக்கு மேலே இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸின் யோசனை எளிமையானது. வேகமாகப் பெருகும் செல்லுக்கு டி.என்.ஏ. கட்டச் செங்கல் நிறைய வேண்டும். அந்தச் செங்கலைப் போலவே இருக்கும் ஒரு போலிச் செங்கலைக் கொடுத்தால்? செல் ஏமாந்து அதை எடுத்துச் சுவரில் வைக்கும், சுவர் நிற்காது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பே அப்போது தெரியாது. அது வெளிவந்தது 1953ல்தான். அதற்கு முன்பே, செங்கலின் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு எலியன் போலிகளைச் செய்யத் தொடங்கிவிட்டார்.

அவற்றில் ஒன்றில், ஹைபோசாந்தின் என்ற பொருளில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தக அணு ஒன்றை வைத்தார். அவ்வளவுதான் மாற்றம். அதுதான் 6-மெர்காப்டோபியூரின். அந்த ஒரு கந்தக அணுவைச் சுற்றித்தான் இனி வரும் கதை முழுவதும்.

அன்றைக்கு ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை பெரும்பாலும் மூன்று, நான்கு மாதத்தில் இறந்துவிடும். 1948ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்ற மருந்தால் சில குழந்தைகளுக்குத் தற்காலிகமாக நோயைத் தணித்துக் காட்டியிருந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகத சுப்பாராவ், லெடர்லே நிறுவனத்தில் நடத்திய குழுவிலிருந்து வந்த மருந்து அது. அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இன்னொரு நாள். 1953ல் 6-மெர்காப்டோபியூரினுக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. குழந்தைகள் சராசரியாக ஒரு வருடம்வரை பிழைத்தார்கள். ஒரு வருடம்தானா என்று நமக்குத் தோன்றும். மூன்று மாதம் என்று கேட்டுவிட்டு வந்த தாய்க்கு அப்படித் தோன்றியிருக்காது. மருந்துகளைச் சேர்த்துச் சேர்த்துக் கொடுக்கும் முறைகள் பிறகு வந்தன. இன்று நல்ல வசதி உள்ள இடங்களில் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் குணமாகிறார்கள். அந்தச் சிகிச்சையின் கடைசி நீண்ட கட்டத்தில் இன்றும் தினமும் விழுங்கும் மாத்திரை எலியனுடையதுதான். வாரம் ஒருமுறை கூடவே கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், அந்த அமினோப்டெரினின் தம்பி.

1957ல் இதே மருந்தின் கந்தகத்தை இன்னொரு மூலக்கூறால் மூடி, உடலுக்குள் போய் மெதுவாகத் திறக்கும்படி செய்தார்கள். அதுதான் அசதியோபிரின். 1962ல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே, இறந்த ஒருவரின் சிறுநீரகத்தை உறவில்லாத ஒருவருக்குப் பொருத்தி வெற்றி கண்டபோது, உடல் அதைத் தள்ளிவிடாமல் காத்தது இந்த மருந்து. சிறுநீரகம், குடல், தோல், மூட்டு என்று தன் உடலே தன்னைத் தாக்கும் நோய்களுக்கெல்லாம் பரவி, ஐம்பது வருடம் கழித்து என் மாமாவின் மாத்திரை டப்பாவுக்கும் வந்து சேர்ந்தது.

*

சரி, நொதிக்கு வருவோம்.

உடலுக்குள் ஒரு மருந்து போனால் உடல் அதைச் சும்மா விடாது. பிரிக்கும், மாற்றும், மூடும், வெளியே தள்ளும். மூடுவதற்கு உடல் அடிக்கடி எடுக்கும் மூடி மெத்தில். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவு சின்னது. அந்த மூடியைச் சுமந்துகொண்டு திரியும் மூலக்கூறின் பெயர் எஸ்-அடினோசைல் மெதியோனின். அதனிடமிருந்து மூடியை வாங்கி வேறொன்றின் மேல் பொருத்துவது மெத்தில் மாற்றும் நொதிகளின் வேலை. ஒவ்வொரு நொதிக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளர்.

1963ல் ரெமி என்ற ஆய்வாளர், பாலூட்டிகளின் திசுக்களில் ஒரு நொதி எலியனின் மருந்தில் உள்ள கந்தகத்தின் தலையில் மெத்தில் மூடியைப் போடுகிறது என்று காட்டினார். கந்தகத்தின் மேல் மூடி விழுந்துவிட்டால் அந்த மூலக்கூறு போலிச் செங்கலாக டி.என்.ஏ.வுக்குள் போக முடியாது. இந்த நொதிதான் தயோபியூரின் மெத்தில்டிரான்ஸ்ஃபரேஸ், சுருக்கமாக டி.பி.எம்.டி.

எனக்கு இதில் தீராத வியப்பு ஒன்று உண்டு. இந்த நொதி நம் எல்லோர் உடலிலும் இருக்கிறது. ஆனால் எலியனின் மருந்தோ 1950களில் ஆய்வகத்தில் பிறந்தது. அதற்கு முன்பு லட்சக்கணக்கான வருடங்களாக இந்த நொதி எந்தக் கந்தகத்துக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தது? உடலுக்குள் இதன் இயல்பான வாடிக்கையாளர் யார் என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இது துளிகூட இல்லாதவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். அந்த மாத்திரையை விழுங்கும்வரை.

மருந்துக்கு உடலுக்குள் மூன்று வழிகள். ஒன்று, செல்லுக்குள் தயோகுவானின் நியூக்ளியோடைடாக மாறி டி.என்.ஏ.வில் போய் உட்காருவது. மருந்து வேலை செய்வதும் இந்த வழியில்தான், விஷமாவதும் இந்த வழியில்தான். இரண்டு, சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதியிடம் மாட்டி ஒன்றுமில்லாமல் போவது. மூன்று, டி.பி.எம்.டி.யிடம் மூடி வாங்குவது. இதில் ஒரு சிக்கல். ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜையில் இரண்டாவது வழி ஏறக்குறைய அடைத்தே கிடக்கிறது. அங்கே பெரிய வடிகால் டி.பி.எம்.டி. ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால் மருந்து முழுக்க முதல் வழியிலேயே பாயும். மஜ்ஜை தாங்காது.

*

அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ரிச்சர்ட் வைன்ஷில்பாம் என்ற மருத்துவர் இருந்தார். மெத்தில் மாற்றும் நொதிகளை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜூலியஸ் ஆக்சல்ராடிடம் பயிற்சி பெற்றவர். ஒரே நொதி ஆளுக்கு ஆள் ஏன் வேறு வேறு வேகத்தில் வேலை செய்கிறது என்பது அவருடைய கேள்வி. அதற்காக மனிதர்களின் கல்லீரலை வெட்டிப் பார்க்க முடியுமா? டி.பி.எம்.டி. சிவப்பணுவிலும் இருக்கிறது. கொஞ்சம் ரத்தம் போதும்.

1980ல் அவரும் ஸ்லாடெக்கும் 298 பேரின் ரத்தத்தில் அளந்த கணக்கை வெளியிட்டார்கள். 88.6 சதவீதம் பேருக்கு நொதி நிறைய. 11.1 சதவீதம் பேருக்கு நடுத்தரம். மிச்சம் 0.3 சதவீதம். 298ல் 0.3 சதவீதம் என்றால் எத்தனை பேர்? ஒரே ஒருவர். அவர் ரத்தத்தில் நொதி இருப்பதாகவே தெரியவில்லை.

இந்த ஒருவரைப் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அளவீட்டில் ஏதோ தவறு என்று அந்த ஒரு புள்ளியை ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. பத்தில் ஒருவருக்கு மேல் ஒரு குறைபட்ட மரபணுப் பிரதி இருக்கிறது என்றால், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் குறைபட்டதையே வாங்கியவர் ஏறக்குறைய முந்நூறில் ஒருவர் இருந்தாக வேண்டும். மெண்டலின் பட்டாணிக் கணக்குதான். அந்த ஒரு புள்ளி கணக்கில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

இப்போது அதை ஒரு புற்றுநோய் வார்டில் வைத்துப் பாருங்கள். எல்லாக் குழந்தைக்கும் உடல் பரப்பளவுக்குத் தக்க ஒரே கணக்கில் மருந்து. முந்நூறில் ஒரு குழந்தைக்கு மட்டும் அது பல மடங்கு விஷம். 1953லிருந்து 1980வரை அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு என்ன நடந்திருக்கும்? வெள்ளை அணு விழுந்து, கிருமி தொற்றி இறந்தால், நோயினால் இறந்ததாகத்தானே எழுதியிருப்பார்கள்? எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

1980களின் கடைசியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் லின் லெனார்ட் இரண்டு பக்கத்தையும் காட்டினார். அசதியோபிரினால் மஜ்ஜை மோசமாக அடிபட்டவர்களிடம் இந்த நொதி மிகக் குறைவு என்று 1989ல் வைன்ஷில்பாமுடன் சேர்ந்து எழுதினார். மறு வருடம், புற்றுநோய்க் குழந்தைகளில் நொதி அதிகமாக இருந்தவர்களுக்கு மருந்து போதாமல் நோய் திரும்புவது அதிகம் என்று எழுதினார். ஆக, ஒரே அளவு மாத்திரை ஒரு குழந்தைக்கு விஷம், இன்னொரு குழந்தைக்குப் பற்றாக்குறை.

1991ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து செயின்ட் ஜூட் மருத்துவமனையில் வில்லியம் இவான்ஸ் குழுவினர், நொதியே இல்லாத ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார்கள். மருந்தை நிறுத்திவிடவில்லை. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்துச் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். அந்தத் துளிதான் அவளுக்கு முழு அளவு. அதன் பிறகு 1990களில் மரபணுவில் எந்த எழுத்து மாறினால் நொதி கெட்டுப்போகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். ஆளின் மரபணுவைப் பார்த்து மருந்தின் அளவை முடிவு செய்யலாம் என்பதற்கு உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் சொல்லும் முதல் உதாரணம் டி.பி.எம்.டி. ஆனது.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். மாமாவின் தலைமுடிக்குத்தான் பதில் இல்லை.

*

கொரியாவிலும் ஜப்பானிலும் மருத்துவர்களுக்கு ரொம்ப நாளாக ஒரு குழப்பம் இருந்தது. டி.பி.எம்.டி. குறைபாடு ஆசியர்களிடம் ஐரோப்பியர்களைவிடக் குறைவு. அப்படியானால் இந்த மருந்தால் வெள்ளை அணு விழுவதும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் அதிகமாக இருந்தது. ஆரம்பித்த சில வாரங்களிலேயே முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, அணுக்கள் மளமளவென்று விழும். டி.பி.எம்.டி. சோதனை செய்தால் நார்மல்.

2014ல் கொரிய ஆய்வாளர்கள், குடலில் கிரோன் நோய் வந்து இந்த மருந்தை எடுத்துக்கொண்ட 978 பேரின் மரபணுக்களைப் பார்த்தார்கள். விடை வேறொரு நொதியில் இருந்தது. பெயர் என்.யு.டி.டி.-15. இது கந்தகத்துக்கு மூடி போடுவதில்லை. டி.என்.ஏ.வுக்குள் நுழையத் தயாராக நிற்கும் போலிச் செங்கலின் பாஸ்பேட் வாலை நறுக்கி, வாசலிலேயே திருப்பி அனுப்பும் காவல்காரன். அதன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் காவல்காரனால் வேலை செய்ய முடியாது. ஐரோப்பியர்களிடம் இந்த மாற்றம் மிக அபூர்வம். கிழக்காசியாவில் சாதாரணம். பிறகு வந்த இந்திய ஆய்வுகளில், நம்மவர்களிடமும் டி.பி.எம்.டி. குறைபாட்டைவிட இதுதான் அதிகம் என்று தெரிந்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமாவுக்கு 2012ல் செய்த பரிசோதனையில் பிழை இல்லை. அவருடைய டி.பி.எம்.டி. உண்மையிலேயே நார்மல்தான். நாங்கள் கேட்ட கேள்விதான் வேறு ஊர்க்காரர்களுக்கானது. மின்னசோட்டாவிலும் ஷெஃபீல்டிலும் எடுத்த ரத்தத்தில் அந்த ஊர்க்காரர்களின் ஆபத்து தெரிந்தது. அதை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், நல்ல சோதனை. நாங்கள் அதை "ஆபத்து இல்லை" என்ற சான்றிதழாக வாசித்துவிட்டோம். "இந்த ஓர் ஆபத்து இல்லை" என்பதுதான் அந்தத் தாளில் இருந்தது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எலியன் 1988ல் ஹிட்சிங்ஸோடும் ஜேம்ஸ் பிளாக்கோடும் நோபல் பரிசு வாங்கினார். முனைவர் பட்டம் முடிக்காமலே வாங்கினார். வேலை பார்த்துக்கொண்டே இரவில் படித்தவரிடம், முழுநேரமாக வந்தால்தான் பட்டம் என்று கல்லூரி சொன்னபோது, அவர் வேலையைத்தான் தேர்ந்தெடுத்தார். அவர் மருந்து இல்லாவிட்டால் எத்தனையோ குழந்தைகள் இல்லை, எத்தனையோ சிறுநீரகங்கள் நிலைத்திருக்காது. ஆனால் சராசரி மனிதனுக்காகச் செய்த அளவு எந்த மனிதனுக்கும் சரியாகப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. மருந்து வந்து பத்து வருடத்தில் நொதி தெரிந்தது. 27 வருடத்தில் அந்த முந்நூறில் ஒருவர் தெரிந்தார். 61 வருடம் கழித்து என் மாமா மாதிரி ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஒவ்வொரு முறையும் வழி காட்டியது, கணக்குக்குள் அடங்காமல் தனியாக நின்ற ஒரு சிலரை "என்னவோ தப்பு" என்று ஒதுக்காமல் திரும்பிப் பார்த்தவர்கள்தான்.

நடைமுறைக்கு இரண்டு வார்த்தை. உங்கள் வீட்டில் யாருக்காவது அசதியோபிரினோ மெர்காப்டோபியூரினோ எழுதினால், இரண்டு நொதிகளையும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 2018லிருந்து சர்வதேச வழிகாட்டுதல்களே இரண்டையும் சேர்த்துத்தான் பேசுகின்றன. எந்தச் சோதனை என்ன சொன்னாலும், சொன்ன நாளில் ரத்த அணுக்களை எண்ணிப் பாருங்கள். ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். ஆரம்பித்த சில வாரத்தில் முடி கொட்டினால் போர் தண்ணியைத் திட்டிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கவுட்டுக்கு அலோபியூரினால் சாப்பிடுபவர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். அது மேலே சொன்ன இரண்டாவது வழியை அடைத்துவிடும். அதுவும் எலியன் ஆய்வகத்து மருந்துதான்!

2019ல் மாமாவைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த இரண்டாவது சோதனையைச் செய்தேன். இரண்டு பிரதியுமே மாறியது என்று வந்தது. விளக்கிச் சொன்னதும், "அப்போ ஏழு வருஷமா அத்தை போர் தண்ணியைத் திட்டுனது வீண்தானா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இருந்துருக்கு. அப்படின்னா உங்க அம்மாவுக்கும் இருக்கும்ல? அவ வழியா உனக்கும்?" என்று கேட்டார்.

தாத்தாவும் பாட்டியும் ஆளுக்கு ஒரு மாறிய பிரதி வைத்திருந்தார்கள் என்று கொண்டால், அம்மாவிடம் ஒன்றாவது இருக்க நாலில் மூன்று வாய்ப்பு. அந்தத் தாளை மாமா லேமினேட் செய்து ஆதார் அட்டையோடு வைத்திருக்கிறார். எனக்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தார். என் பர்ஸில் இருக்கிறது.